நாட்டுக் கொள்ளில் நல்ல விதைச் செடியைத் தேர்வது எப்படி?

"மைசூர் பருப்பு நம்ம மண்ணுல வருமாங்க?" வருஷத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்டுவிடுகிறார். வராது. மசூர் என்ற வடநாட்டுப் பெயர்தான் நம் வாயில் மைசூர் ஆகிவிட்டது. மைசூருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம் ஐப்பசியில் விதைத்து, குளிரிலேயே வளர்ந்து, பங்குனி வெயில் ஏறும் முன் அறுக்கிற பயிர் அது. பென்னாகரத்து மார்கழிக் குளிர் நமக்குக் கம்பளி கேட்கும், மசூருக்குப் போதாது.

ஆனால் மசூரில் விளைச்சலை எந்தக் குணம் தீர்மானிக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் கண்டது நம் கொள்ளுக்கும் பொருந்தும். மசூர்க் காயில் ஒன்று அல்லது இரண்டு விதைதான் இருக்கும். காய்க்குள் விதையைக் கூட்ட வழியில்லை என்பதால் செடிக்கு எத்தனை காய் என்பதில்தான் மகசூல் நிற்கிறது. கொள்ளில் காய்க்கு 5 முதல் 7 விதை வரை உண்டு. இருந்தும் நல்ல செடியையும் சுமாரான செடியையும் பக்கத்தில் வைத்து எண்ணினால் வித்தியாசம் பெரும்பாலும் காய் எண்ணிக்கையில்தான் வரும்.

இது தெரியாமல் நான் இரண்டு வருஷத்தை வீணாக்கினேன். முதல் வருஷம், கொல்லையிலேயே புதராக அடர்ந்து நின்ற செடிகளைத் தேடித் தேடி விதைக்குப் பிடுங்கினேன். பக்கத்துக் கொல்லைப் பெரியம்மா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, மாட்டுக்கா விதைக்கா?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த தை மாசம் கொல்லை முழுக்கக் கொடி, உள்ளே காயைத் தேட வேண்டியிருந்தது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள், கொழுத்த கொள்ளுக்கு மாடுதான் கதி. இரண்டாம் வருஷம் புத்திசாலித்தனமாக, களத்துக் குவியலைச் சல்லடையில் போட்டுப் பெரிய விதையாகச் சலித்து எடுத்தேன். மறு வருஷம் விதையும் பெரிதாகவில்லை, மூட்டையும் கூடவில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

விளைச்சல் என்பது நாலு எண்ணின் பெருக்கல்

ஒரு சதுர மீட்டரில் எத்தனை செடி, செடிக்கு எத்தனை காய், காய்க்கு எத்தனை விதை, ஒரு விதை எத்தனை எடை. இந்த நாலையும் பெருக்கினால் மகசூல்.

வரிசைக்கு 30 செ.மீ., செடிக்கு 10 செ.மீ. இடைவெளி விட்டால் சதுர மீட்டருக்கு 33 செடி. செடிக்கு 20 காய், காய்க்கு 5 விதை, 100 விதைக்கு 3 கிராம் என்று வையுங்கள். 33 × 20 × 5 × 0.03 = 99 கிராம். ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ. மற்றதெல்லாம் அப்படியே இருந்து காய் மட்டும் 20-லிருந்து 25 ஆனால் ஏறத்தாழ 500 கிலோ. முளைப்பு சரியில்லாமல் சதுர மீட்டருக்கு 20 செடிதான் நின்றது என்றால் 240 கிலோவுக்கு இறங்கிவிடும். விதைத் தேர்வைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இதைச் சொல்லக்கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: சால் விட்டு விதைக்காமல் கையால் வீசி, பாதி இடம் மொட்டையாகக் கிடக்கிற கொல்லையில் எந்த உசத்தி விதையும் காப்பாற்றாது. முதலில் செடி எண்ணிக்கையைச் சரி செய்யுங்கள்.

இந்த நாலு எண்ணும் ஒன்றையொன்று இழுக்கும். காய் கூடினால் விதை கொஞ்சம் இளைக்கும், செடி நெருங்கினால் கிளை குறையும். பெருக்கலில் வருவது அப்படியே மூட்டைக்கு வராது. எந்த எண்ணைத் தொட்டால் அதிகம் அசைகிறது என்று பார்க்க மட்டும் இந்தக் கணக்கு.

எதைப் பார்ப்பது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது

ஆராய்ச்சிக்காரர்கள் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட் 1921-இல் அதை விளக்கினார். 1959-இல் டூவி, லூ என்ற இருவர் ஒரு புல்லின் விதை விளைச்சலுக்கு அதைப் பொருத்திக் காட்டினார்கள். அதன்பின் பயறு, பருப்பு, தானியம் என்று எல்லாப் பயிரிலும் கையாளுகிறார்கள். விஷயம் இதுதான்: ஒரு குணம் விளைச்சலோடு சேர்ந்து கூடுகிறது என்பதாலேயே அதுதான் விளைச்சலைக் கொடுக்கிறது என்று ஆகாது. உயரமான செடியில் கணு அதிகம், கணு அதிகமானால் காய் அதிகம், அதனால் மகசூல் அதிகம். பார்ப்பவனுக்கு உயரம்தான் காரணம் போலத் தெரியும். காயைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உயரத்துக்கென்று நேரான பங்கு அதிகம் இருக்காது. கல்யாணத்தில் மாப்பிள்ளை கூடவே நிற்கும் தோழனுக்கும் சேர்த்து ஆரத்தி எடுப்பது மாதிரி. என் முதல் வருஷத்துப் புதர்ச் செடிகளெல்லாம் அந்தத் தோழர்கள்.

காய் எண்ணிக்கைக்கு வருவோம். சென்ற தையில் நான் பிடுங்கிய ஒரு செடியைச் சொல்கிறேன். அடியிலிருந்து மூன்று கிளை. நடுத் தண்டில் கீழ் மூன்று கணுவில் காயே இல்லை. அதற்குமேல் கணுவுக்கு ஒன்று, இரண்டு, சிலதில் மூன்று என்று லேசாக வளைந்த, ரோமம் படர்ந்த நெற்றுகள். மொத்தம் 31. விரலால் அழுத்தினால் நாலு காய் தக்கையாக அமுங்கியது, அதைக் கழித்து 27. பத்துக் காயை உடைத்து எண்ணினேன்: 6, 5, 5, 4, 6, 5, 3, 6, 5, 5. கூட்டினால் 50, சராசரி 5. பக்கத்திலேயே முழங்காலைத் தாண்டிய கொடி ஒன்று. அதில் 40 காய் இருந்தது. ஆனால் பாதி இன்னும் பச்சை, நுனியில் பூ வேறு. கையில் எடுத்தால் கனமான செடி, களத்துக்கு வந்தால் 20 காய்ச் செடி. அதனால் காய் எண்ணும்போது அறுவடை நாளில் முற்றிய, விதை நிறைந்த காயை மட்டும் எண்ணுங்கள். இந்த ஒரு திருத்தம் செய்த பிறகுதான் என் தேர்வு உருப்பட்டது.

பூக்கும் நாள் இதோடு ஒட்டியது. கொள்ளு, பகல் சுருங்கினால் பூக்கும் பயிர். நம் ஊரில் ஆனிக்கும் மார்கழிக்கும் பகல் நீளத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வித்தியாசம் இருக்கிறது. நமக்கு அது உறைக்காது, செடிக்கு உறைக்கும். ஆடியிலேயே விதைத்தால் பகல் குறையும்வரை இலையும் கொடியுமாக ஓடிக்கொண்டே இருக்கும். சாமை அறுத்த தாளில், புரட்டாசிக் கடைசியில் போட்டால் கார்த்திகை தீபத்தை ஒட்டிப் பூத்து, பொங்கல் கழித்துக் கைக்கு வரும். ஐப்பசி மழையின் ஈரம்தான் மானாவாரிக்கு மூலதனம். அது தீர்வதற்குள் காயை நிரப்புகிற செடி வேண்டும். ரொம்ப அவசரக்காரச் செடியும் ஆகாது, கிளை விடுவதற்குள் பூத்துவிட்டால் காய் வைக்கக் கணுவே இருக்காது.

அடுத்தது, செடி தின்றதில் எவ்வளவை விதையாகத் திருப்பித் தருகிறது என்பது. இதை அறுவடைக் குறியீடு என்பார்கள். தரையோடு அறுத்துக் காய்ந்த செடி 20 கிராம், அதில் விதை 6 கிராம் என்றால் 30 சதம். மேலே சொன்ன மாதிரியான கொடிச் செடி ஒன்று 38 கிராம் இருந்து 6.5 கிராம் விதை தந்தால் 17 சதம்தான். தனிச் செடியாகப் பார்த்தால் இரண்டாவதுதான் ஜெயித்தது. ஆனால் அது பரவிய இடத்தில் முதல் வகையில் இரண்டு செடி நின்றிருக்கும், 12 கிராம் கிடைத்திருக்கும். மாடு வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். கொள்ளுப் பொட்டும் தழையும் நமக்குப் பணம்தான். எனக்கு நாலு மாடு இருக்கிறது, அதனால் அடிமட்டக் குட்டைச் செடிகளை நான் எடுப்பதில்லை.

காய்க்கு எத்தனை விதை என்பது செடிக்குச் செடி அதிகம் மாறுவதில்லை. 4-க்குக் கீழே போகிற செடியைத் தள்ளுங்கள், அது போதும். கிளை எண்ணிக்கையும் காயைக் கொண்டுவரும் வழி மட்டுமே, காயை எண்ணிவிட்டால் கிளையைத் தனியாக எண்ண வேண்டாம்.

விதை எடை வேறு கதை. அது பெருமளவு ரத்தத்திலேயே வருவது. மழை, எரு மாறினாலும் அவ்வளவாக அசையாது. அப்படியானால் பெரிய விதையைச் சலித்தது ஏன் பலிக்கவில்லை? இரண்டு காரணம். ஒரே செடியிலேயே அடிக்காய் விதை பெரிது, நுனிக்காய் விதை சிறிது. சல்லடை பிரித்தது செடிகளை அல்ல, காய்களை. அடுத்து, குறைவாகக் காய்த்த செடியும் இருக்கிற நாலு விதையைக் கொழுக்க வைக்கும். நான் சலித்துச் சேர்த்ததில் அந்தச் சோம்பேறிகளும் நிறைய.

டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஜோஹன்சன் 1903-இல் பீன்ஸை வைத்து இதையே எழுதினார். ஒரே செடியின் வழியில் தானே கருவுற்று வந்த வம்சத்தில் பெரிய விதையை விதைத்தாலும் சிறிய விதையை விதைத்தாலும் அடுத்த தலைமுறையில் சராசரி ஒன்றாகவே வந்தது. கொள்ளும் தன் பூவிலேயே தான் கருவுறும் பயிர். பையூர் 2 மாதிரி வெளியிடப்பட்ட ரகத்தைச் சான்று விதையாக வாங்கி விதைத்திருந்தால், அதற்குள் சிறந்த செடி தேடுவது வீண் வேலை. எல்லாம் ஏறத்தாழ ஒரே செடிதான், வேறு ரகம் கலந்து நிற்கிற செடியை மட்டும் பிடுங்கிப் போடுங்கள். (காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998-இல் வந்தது அந்த ரகம். கோ 1 கொள்ளைக் காமா கதிருக்கு ஆட்படுத்தி எடுத்தது.) தேர்வுக்குப் பலன் இருப்பது வீட்டில் தலைமுறையாகப் புழங்கும் நாட்டுக் கொள்ளில். கையில் அள்ளினால் கறுப்பு, பழுப்பு, சந்தன நிறம் என்று கலந்து கிடக்கிறதே, அதில். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கில் உலவலு என்றும் கன்னடத்தில் ஹுருளி என்றும் சொல்லி வைத்திருக்கும் பழைய விதையும் அப்படித்தான்.

கொல்லையில் செய்யும் வேலை

1. இடம். ஒரே மாதிரி மண் உள்ள 10 சென்ட் ஒதுக்குங்கள். எருக்குழி இருந்த இடம், புளிய மர நிழல், தண்ணீர் தேங்கும் மூலை வேண்டாம். என் புதர்ச் செடிகளில் பாதி பழைய எருக்குழி மேல் நின்றவை என்பது பிறகுதான் உறைத்தது. வேறு கொள்ளு ரகம் பக்கத்தில் இருந்தால் 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும், சான்று விதைக்குத் தாயான ஆதார விதைக்கே அவ்வளவுதான் கேட்கிறார்கள். இரண்டு சத டிஏபி கரைசலைப் பூக்கும்போது ஒருமுறையும் 15 நாள் கழித்து ஒருமுறையும் தெளிப்பவர்கள் பத்து சென்ட்டுக்கும் சமமாகத் தெளியுங்கள், இல்லையென்றால் தெளிக்கவே வேண்டாம்.

2. நூல் கட்டுதல். கார்த்திகையில் பூ எடுக்கத் தொடங்கியதும் மூன்று நாளைக்கு ஒருமுறை கொல்லையில் நடங்கள். செடிகளில் பாதி பூத்த நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் ஐந்து நாளுக்குள் பூத்த செடிகளில் ஆரோக்கியமானவற்றுக்கு வெள்ளை நூல் கட்டுங்கள். மஞ்சள் தேமல் விழுந்த செடிக்கு எவ்வளவு காய் வந்தாலும் நூல் கிடையாது. தேமலைக் கொண்டுவரும் நச்சுயிரியை வெள்ளை ஈ பரப்புகிறது, விதை வழியாக வருவதல்ல. ஆனால் பக்கத்துச் செடி தாங்கி நிற்கும்போது இது மட்டும் விழுந்ததென்றால் அந்தப் பலவீனம் விதையில் போகும். இலையில் சாம்பல் பூத்த செடிக்கும் அப்படியே.

3. கட்டம் போடுதல். இதுதான் எல்லோரும் விட்டுவிடுகிற வேலை. கயிறு கட்டி 10 சென்ட்டை 20 கட்டமாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் அரை சென்ட். ஒரு கட்டத்துச் செடியை அந்தக் கட்டத்துச் செடியோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். மொத்தக் கொல்லையிலும் சிறந்த நாற்பது செடி என்று தேடினால் நாற்பதும் மண் கொழுத்த ஒரே மூலையிலிருந்து வரும், நீங்கள் மண்ணைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். காய் எண்ணிக்கை சூழ்நிலைக்கு ரொம்ப ஆடுகிற குணம், அதற்காகத்தான் இவ்வளவு பாடு. வரப்போரச் செடியும், பக்கத்துச் செடி செத்து இடம் கிடைத்த செடியும் கணக்கில் வராது. நாலு பக்கமும் ஆள் இருந்தும் நன்றாகக் காய்த்ததா என்பதே கேள்வி.

4. எண்ணுதல். முக்கால்வாசி நெற்று பழுத்து இலை உதிரத் தொடங்கும் வாரத்தில், கட்டத்துக்கு ஐந்து செடியாக நூல் கட்டியவற்றில் முற்றிய காயை எண்ணுங்கள். நூறு செடி, இரண்டு பேருக்கு ஒரு காலை வேலை. பனி ஈரம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் தொட்டாலே நெற்று வெடிக்கும். வெடிப்பதும் ஒரு குணம்தான். மற்றவை தாங்கும்போது முதலில் வெடிக்கிற செடியைத் தள்ளுங்கள். கட்டத்துக்கு இரண்டு மிஞ்சட்டும், மொத்தம் நாற்பது.

5. தனித்தனியாகப் பிடித்தல். ஒவ்வொரு செடியையும் தரையோடு அறுத்து, எண் எழுதிய தாள் பையில் தலைகீழாகப் போட்டுக் காயவையுங்கள். காய்ந்ததும் செடி எடை, விதை எடை, 100 விதை எடை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். 100 விதையே 3 கிராம்தான் என்பதால் கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். நாற்பதையும் ஒன்றாகக் கொட்டிவிட ஆசை வரும். கொட்டினால் மோசமாகப் போகாது, கொஞ்சம் முன்னேற்றம் இருக்கும். ஆனால் எது மண்ணால் காய்த்தது, எது வம்சத்தால் காய்த்தது என்று தெரிந்துகொள்ளும் வழி அதோடு அடைபட்டுவிடும்.

6. அடுத்த வருஷம், வரிசை. ஒரு செடியில் 25 காய் என்றால் சுமார் 125 விதை கிடைக்கும். ஒரு செடியின் விதைக்கு 3 மீட்டர் நீளத்தில் ஒரு வரிசை, 10 செ.மீ.க்கு ஒன்றாக 30 விதை. பத்து வரிசைக்கு ஒன்றாகப் பழைய கலப்பு விதையையும் ஒரு வரிசை போடுங்கள், ஒப்பிட ஆள் வேண்டும். மொத்தம் 44 வரிசை, 30 செ.மீ. இடைவெளியில் ஒரு சென்ட்டுக்குள் அடங்கிவிடும். இதையே கொல்லையின் வேறொரு இடத்தில் வரிசை மாற்றி இன்னொரு முறை விதையுங்கள். மிச்ச விதை பையிலேயே இருக்கட்டும், ஆடு மேய்ந்துவிட்டால் உதவும். எனக்கு உதவியது.

இந்த வருஷம்தான் உண்மை தெரியும். 45 காயோடு எல்லோரையும் அசத்திய செடியின் பிள்ளைகள் சுமாராகத் தொங்கும். 28 காய்ச் செடியின் வரிசை முப்பதும் ஒன்றுபோல் காய்த்து, ஒரே நாளில் பழுத்து நிற்கும். இரண்டு இடத்திலும் பக்கத்துக் கலப்பு வரிசையை மிஞ்சிய வரிசைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நாற்பதில் எட்டு தேறியது. அந்தப் பெரியம்மா வரிசைகளைப் பார்த்துவிட்டு, "இது விதைக்குப்பா" என்றார்.

7. பெருக்குதல். ஒரு வரிசைக்கு 90 கிராம் என்றால் எட்டு வம்சத்துக்கும் இரண்டிரண்டு வரிசையில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஏக்கருக்கு 8 கிலோ விதை என்ற கணக்கில் 18 சென்ட்டுக்கு ஆகும். ஒரே வம்சத்தை மட்டும் பெருக்குவதா, எட்டையும் கலப்பதா? கிணறு உள்ளவர் ஒன்றை எடுக்கலாம். மானாவாரிக்கு நான் ஒரே வாரத்தில் பழுக்கிற ஐந்தாறு வம்சத்தைச் சேர்த்தே விதைக்கிறேன்.

8. சேமிப்பு. நல்ல வெயிலில் காய வைத்து, பல்லில் கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடைகிற பதத்தில் எடுங்கள். ஆறிய பிறகே டப்பாவில் போட்டு இறுக மூட வேண்டும், சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். பயறு வண்டு முட்டையைக் கொல்லையிலேயே காய் மேல் இட்டுவிட்டு வந்திருக்கும். அதனால் ஒரு மாதம் கழித்துத் திறந்து, விதையில் பொட்டுத் துளை தெரிகிறதா என்று பார்த்து இன்னொரு முறை வெயிலில் காட்டுங்கள்.

பழைய கலப்பு விதையில் ஒரு படியைத் தூக்கிப் போடாமல் தனி டப்பாவில் வைத்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஓரமாக ஒரு சென்ட்டில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி ஏமாற்றி மார்கழியில் ஒரு மழை பெய்கிற வருஷத்தில், நாம் நூல் கட்டாமல் விட்ட அந்தத் தாமதச் செடிகள்தான் காய்க்கும்.